எட்டாவது அசைவு

பேருந்து டிப்போவில் முப்பத்தாறு வருஷம் நேரம் பார்த்த ஒரு மனிதரை நிற்கவைத்து, கையை மெதுவாகத் தூக்குங்கள், இன்னும் மெதுவாக, அதைவிட மெதுவாக என்று சொன்னால் அவர் என்ன பாடுபடுவார்? டைம்கீப்பர் அந்தப் பாட்டைத்தான் வாரத்துக்கு மூன்று நாள் பட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகியும் அக்கம்பக்கத்தில் அவருக்கு அதுதான் பேர். நாலு நிமிஷம் தாமதமாக வந்த டிரைவரை நாற்பது பேர் முன்னால் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கியவர், இப்போது காலை ஆறரை மணிக்கு நூலகத்து மாடி ஹாலில் வெறுங்காலோடு நின்று மேகத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

மேகத்தைத் தள்ளுவது என்பது ஒரு அசைவு. குதிரையின் பிடரியை ஒதுக்குவது இன்னொன்று. கொக்கு சிறகை விரிக்கும். குரங்கை விரட்டிக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். குருவியின் வாலை இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை பிடிக்க வேண்டும். மொத்தம் இருபத்துநாலு. இத்தனை பிராணிகளை வைத்துக்கொண்டு ஒருவரும் ஒரு சத்தம் போடக் கூடாது. இதற்குப் பேர் தாய் சி, சீனாவில் காலகாலமாகச் செய்கிற பயிற்சி, உடம்பும் நிதானப்படும், வரிசையை ஞாபகம் வைக்க வைக்க மூளையும் துருப்பிடிக்காமல் இருக்கும் என்று வகுப்பெடுக்கிற பெண்மணி முதல் நாளே விளக்கிவிட்டார். அவர் ஒரு பிசியோதெரபிஸ்ட், ஐம்பது வயது இருக்கும். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள்.

டைம்கீப்பர் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஒரு கையை மேலே கொண்டுபோய் இறக்க இருபது வினாடி. அந்த நேரத்தில் ஒரு வண்டி டிப்போ கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறிவிடும். “மூச்சை விடுங்க, அவசரமே இல்ல” என்று மாஸ்டர் சொல்லும்போதெல்லாம் அவருக்கு உள்ளங்கால் அரித்தது. வீட்டில் மனைவி என்ன செய்கிறாளோ, குளிப்பாட்ட வருகிற பெண் எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவாளே, எட்டரைக்கு மாத்திரை கொடுக்க வேண்டுமே என்று மனசு ஹாலுக்கும் வீட்டுக்குமாக டிரிப் அடித்துக்கொண்டே இருந்தது.

எல்லாம் அந்த மாத்திரையால் வந்த வினை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பலம் இழந்துபோயின. பேச்சுக்கும் புத்திக்கும் ஒரு குறையும் இல்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நாலடி நடப்பாள். ரத்தக்கொதிப்புக்குக் காலையில் ஒரு மாத்திரை. அதைக் கொடுப்பது அவர் வேலை, வேறு யாரையும் தொட விடமாட்டார். நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு காலையில் அந்த மாத்திரையை ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை கொடுத்துவிட்டார். பதினொரு மணிக்கு அவள் வாக்கரோடு சேர்ந்து சாய்ந்தாள். நெற்றியில் நாலு தையல், ஆஸ்பத்திரியில் மூன்று நாள்.

மகள் நாலு மணி நேர பஸ் பயணத்தில் வந்து இறங்கினாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. அப்பாவை எப்படி நிற்கவைத்துக் கேள்வி கேட்பது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

“நீங்க மறந்துட்டீங்க, சரி. அம்மா ஏன் சொல்லல?”

“அவளுக்கும் ஞாபகம் இல்ல போல. இருந்தா சொல்லியிருக்க மாட்டாளா?”

“அப்போ ரெண்டு பேருக்குமே ஞாபகம் இல்ல. எப்படிப்பா விட்டுட்டுப் போறது?”

அவள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லம் இருந்தது. நர்சுகள் இருபத்துநாலு மணி நேரமும் இருப்பார்கள். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும்தான் அங்கே இடம். மகள் வீடோ இரண்டு அறை, அதில் மாமியார், இரண்டு பிள்ளைகள். அம்மா அங்கே போனால் அப்பா இங்கே தனியாகத்தான் இருக்க வேண்டும். இதை அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். டைம்கீப்பர் குதியாய்க் குதித்தார். கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. டாக்டர் சொன்னபடி மூன்று மாசம் அவர் தாய் சி வகுப்புக்குப் போக வேண்டும். அதன் பிறகு ஞாபகசக்திப் பரிசோதனை. முப்பதுக்கு இருபத்தாறு வாங்கினால் அம்மா இங்கேயே இருக்கலாம். ஒரு மார்க் குறைந்தாலும் இல்லம். அதுவரைக்கும் அங்கே ஒரு படுக்கையைச் சொல்லி வைத்திருப்பாள்.

அறுபத்தொன்பது வயதில் பரீட்சை. ஃபெயிலானால் பெண்டாட்டி கையைவிட்டுப் போய்விடுவாள். நாற்பத்திரண்டு வருஷத்தில் அவள் இல்லாத வீட்டில் அவர் மொத்தமாகப் பத்து நாள் இருந்திருப்பார், அந்தப் பத்து நாளும் விளக்கை அணைக்காமல்தான் தூங்கினார். இதை யாரிடமும் சொன்னதில்லை.

மகள் போகும்போது ஏழு நாளைக்கு ஏழு குழி வைத்த ஒரு மாத்திரை டப்பா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. குழி காலியாக இருந்தால், மாத்திரையைக் கொடுத்தாகிவிட்டது என்றும் அர்த்தம், ஞாயிற்றுக்கிழமை நிரப்பும்போது அந்தக் குழியை விட்டுவிட்டோம் என்றும் அர்த்தம். டைம்கீப்பர் டப்பாவைத் திறப்பதும் மூடுவதும் மறுபடி திறப்பதுமாக ஒரு காலை முழுவதும் நின்ற நாட்கள் உண்டு.

வகுப்புக்கு வருவோம். மொத்தம் இருபது பேர். தொடக்கத்தில் அவர் கடைசி வரிசையில், கதவு ஓரமாக நின்றார். முதல் வாரமே அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டது. வரிசையை ஞாபகம் வைக்க வேண்டியதே இல்லை. முன்னால் நிற்கிறவர் கையைத் தூக்கினால் நாமும் தூக்க வேண்டியது, காலை வைத்தால் நாமும் வைக்க வேண்டியது. மூளையைச் சுத்தமாக மூடி வைத்துவிட்டு ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடலாம். ஐந்து வாரம் அப்படித்தான் ஓட்டினார். மகள் போனில் கேட்டபோது, “எல்லாம் தண்ணி பட்ட பாடு” என்று அளந்துவிட்டார்.

ஆறாவது வாரம் மாஸ்டர் எட்டாவது அசைவுக்கு வந்தார். அதுவரை எல்லாரும் ஜன்னலைப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தார்கள். எட்டாவதில் அப்படியே முழுக்கத் திரும்பிக் கதவைப் பார்த்துக்கொண்டு வலது பக்கக் குருவியின் வாலைப் பிடிக்க வேண்டும். டைம்கீப்பர் திரும்பினார். எதிரே கதவுதான் இருந்தது. காப்பியடிக்க ஒரு முதுகுகூட இல்லை. பின்னாலிருந்து பத்தொன்பது பேர் இவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கதவில் ஒட்டியிருந்த நூலக விதிமுறைகளைப் படித்துக்கொண்டு நின்றார்.

அன்று மத்தியானம் முழுக்க அவர் ஒரு தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் பார்த்தாலும் முன்னால் ஆள், கதவுப் பக்கம் திரும்பினாலும் முன்னால் ஆள். அப்படி ஒரு இடம் எது? ஹாலுக்கு நட்டநடு. டிப்போவில் எத்தனையோ வண்டிகளை இடிக்காமல் நிறுத்தவைத்தவருக்கு இது ஒரு பெரிய விஷயமா? அடுத்த வகுப்புக்கு ஆறேகாலுக்கே போய் நடுவில் நிற்பதென்று முடிவு செய்தார்.

ஆறேகாலுக்குப் போனால் நடுவில் தையல்காரம்மா நின்றுகொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது, கணவர் இல்லை, கடைத்தெருவில் இன்னும் ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கிறவர். அவருக்குப் பக்கத்தில் ரிட்டயர்டு தலைமையாசிரியர். அவரை இடித்துக்கொண்டு ஒரு தம்பதி. ஆக, இந்தத் தாளும் புள்ளியும் இவர் மட்டும் போட்டதல்ல. அடுத்த தடவை டைம்கீப்பர் ஆறு மணிக்கு வந்தார். அதற்கடுத்த வகுப்பில் தலைமையாசிரியர் ஐந்தே முக்காலுக்கு வந்து, ஹால் திறக்காததால் படியில் உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் வந்து பார்த்தால் அவ்வளவு பெரிய ஹாலில் இருபது பேரும் நடுவில் ஒரு பாய் அளவு இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். கொக்கு சிறகை விரித்தால் அடுத்தவர் மூக்குக் கண்ணாடி பறந்தது.

“ஏன் எல்லாரும் இப்படி ஒட்டிக்கிட்டு நிக்கறீங்க? ஓரத்துல எவ்வளவு இடம் இருக்கு?”

எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டார்கள். ஞாபகம் வரவில்லை என்று யார் முதலில் சொல்வது?

“ஓரத்துல காத்து அடிக்குது” என்றார் தையல்காரம்மா.

“ஜன்னலே திறக்கலையேம்மா.”

“திறந்தா அடிக்குமில்ல.”

டைம்கீப்பருக்கு அன்றைக்குத்தான் அந்த அம்மாவைப் பிடித்துப்போயிற்று. அதன் பிறகு இரண்டு பேரும் ஒரு உடன்படிக்கைக்கு வந்தார்கள். ஜன்னல் பக்கம் போகும்போது அந்த அம்மா முன்னால், கதவுப் பக்கம் திரும்பினால் இவர் முன்னால். ஆளுக்குப் பாதி வரிசையை மனப்பாடம் செய்துகொள்வது. அப்போதுதான் அவர் முதல் தடவையாக நிஜமாகவே பாடம் படிக்க ஆரம்பித்தார். வீட்டில் மனைவி கட்டிலுக்கு எதிரே நின்று கையை ஆட்டுவார். அவள் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள்.

“இது என்னங்க?”

“குரங்கை விரட்டறேன்.”

“குரங்கு எங்கேயும் போற மாதிரி தெரியலையே.”

அவருக்குச் சிரிப்பு வரும், கூடவே எரிச்சலும் வரும். கடிகாரத்தைப் பார்ப்பார். பரீட்சைக்கு இன்னும் இருபத்தாறு நாள். அப்புறம் இருபத்தைந்து.

பரீட்சை நாளன்று மகளும் வந்தாள். டாக்டர் ஐந்து வார்த்தை சொல்லி, பிறகு கேட்பேன் என்றார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். பிறகு ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார். டைம்கீப்பர் வரைந்த கடிகாரத்தைச் சுவரில் மாட்டலாம். நிமிஷக் கோடு அறுபதையும் போட்டுவிட்டு, “காலையா, ராத்திரியா டாக்டர்?” என்று கேட்டார். ஐந்து வார்த்தையில் மூன்றுதான் திரும்ப வந்தது. இன்னோர் இடத்தில் ஒன்று போயிற்று. முப்பதுக்கு இருபத்தேழு.

“வயசுக்கு உண்டான மறதிதான். பயப்பட ஒண்ணும் இல்ல” என்று டாக்டர் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மகள் வெளியே வந்து அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அழுகை முட்டியது. இல்லத்துக்கு இந்த வாரம் போன் செய்து படுக்கை வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொல்லி, மத்தியான பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பினாள். டைம்கீப்பருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து தாளை மனைவி மடியில் போட்டார். அவள் இடது கையால் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

அடுத்த வகுப்புக்குத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். இருபத்தேழு மார்க் வாங்கிய மனிதன் நடுவில் போய் ஒளிந்துகொள்வானா? நேராகக் கதவு ஓரத்துக்குப் போய் நின்றார். தையல்காரம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு இவருக்கு முன்னால் வந்து நின்றார்.

ஏழு அசைவு ஜன்னலைப் பார்த்து ஓடிற்று. எட்டாவதில் இருபது பேரும் திரும்பினார்கள். இப்போது ஹாலுக்கே இவர்தான் முன்னால். எடுத்த எடுப்பில் மேகத்தைத் தள்ள ஆரம்பித்தார். இடது, வலது, இடது, வலது. பின்னால் பத்தொன்பது ஜோடிப் பாதங்கள் ஒன்றாக நகர்கிற சத்தம் கேட்டது. மூன்று மாசத்தில் முதல் தடவையாக உள்ளங்கால் அரிக்கவில்லை. ஒரு பெரிய வண்டியை வளைவில் திருப்பிக் கொண்டுபோவதுபோல அவ்வளவு பேரையும் இழுத்துக்கொண்டு போய் இருபத்துநாலாவது அசைவில் நிறுத்தினார். கடிகாரத்தைப் பார்த்தார். வழக்கத்தைவிட ஒரு நிமிஷம் முன்னாலேயே முடிந்திருந்தது. அதற்கும் பெருமைப்பட்டுக்கொண்டார்.

மாஸ்டர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். “எல்லாம் சரி. வலது பக்கக் குருவி எங்கே போச்சு?”

ஹால் கொல்லென்று சிரித்தது. வலது பக்கக் குருவி வாலை அவர் பிடிக்கவே இல்லை. அதற்கடுத்த அசைவையும் தாண்டி நேரே மேகத்துக்குப் போய்விட்டார். அவர் போனது போகட்டும், பத்தொன்பது பேரும் வரிசை பிசகாமல் கூடவே போயிருக்கிறார்கள்.

அவரும் சிரித்துவைத்தார். செருப்பு மாட்டும்போது தையல்காரம்மாவிடம் கேட்டார். “உங்களுக்கும் தெரியலையா?”

“தெரியுமே அண்ணா. திரும்பின உடனே தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் கூடவே வந்தீங்க? நீங்க சரியா பண்ணியிருந்தா பின்னால நிக்கறவங்களாவது உங்களைப் பார்த்துப் பண்ணியிருப்பாங்க.”

“நீங்க அவ்வளவு தைரியமா போனீங்க.” அந்த அம்மா செருப்பு வாரை இழுத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். “முந்தாநாள்தான் பாஸாகி வந்திருக்கீங்க. நான் சரியா பண்ணினா நீங்க தப்புன்னு ஆயிடும். உங்களைத் தனியா நிக்க வெக்க மனசு வரல. போனா ஒரு குருவிதானேன்னு வந்துட்டேன்.”

டைம்கீப்பர் ஒரு செருப்போடு நின்றார். இன்னொரு செருப்பை எங்கே வைத்தோம் என்று தேடவும் தோன்றவில்லை. அந்த அம்மா வேடிக்கையாகத்தான் சொன்னார், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் தப்பு என்று தெரிந்தே ஒருத்தி கூடவே வருவாள் என்பது அவருக்கு இதற்குமுன் தோன்றியதே இல்லை.

வீட்டுக்கு நடந்து பன்னிரண்டு நிமிஷம். அன்றைக்கு எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் நடந்தது ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. தையல் போட்ட மறுநாள் காலையில் நர்ஸ் ஒரு மாத்திரையை நீட்டினாள். மனைவி அவள் கையைத் தட்டிவிட்டாள். “இது என்னுது இல்லம்மா. என்னுது வெள்ளை, இது மஞ்சள். போய்ப் பார்த்துட்டு வா” என்றாள். நர்ஸ் போய்ப் பார்த்தாள். பக்கத்துப் படுக்கைக்காரருடைய மாத்திரை. நர்ஸ் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டாள். மண்டையில் நாலு தையலோடு, அரைமயக்கத்தில், மாத்திரையின் நிறம் பார்த்துத் திருப்பி அனுப்பியவள் அவள். அவளுக்கா ஒரு மணி நேரத்துக்கு முன்னால் முழுங்கிய மாத்திரை மறந்துபோகும்?

வீட்டில் குளிப்பாட்டுகிற பெண் கிளம்பிக்கொண்டிருந்தாள். மனைவி தலை சீவி, ஜன்னல் ஓர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் எதிரே முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“அன்னைக்கு ரெண்டாவது தடவை மாத்திரை கொடுத்தேனே. ஏற்கெனவே போட்டாச்சுன்னு உனக்குத் தெரியுமா?”

“எதுக்கு இப்போ அதெல்லாம்?”

“தெரியுமா, தெரியாதா?”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். “இப்பதானே கொடுத்தீங்கன்னு சொன்னேன். நீங்க, எனக்குத் தெரியாதா, நான் என்ன பைத்தியமான்னு கத்தினீங்க.”

“அதுக்கு?”

“அதுக்கு மேல என்ன சொல்றது? அந்த மாசமே ரெண்டு தடவை சாவியை மறந்துட்டு வாசல்ல நின்னீங்க. மூஞ்சி எப்படி ஆயிடுச்சு தெரியுமா? இதையும் சொல்லி நிரூபிச்சு என்ன ஆகப்போகுதுன்னு முழுங்கிட்டேன். ஒரு மாத்திரைதானே, என்ன பண்ணிடும்னு நெனச்சேன்.”

அவள் அப்படிச் சொன்னதாக அவருக்கு ஞாபகமே இல்லை. கத்தியதும் ஞாபகமில்லை. ஆனால் கத்தியிருப்பார் என்பதில் சந்தேகமும் இல்லை. நாற்பத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் அவர் சொன்னதுதான் நேரம். அவர் கடிகாரம் ஐந்து நிமிஷம் முந்தினால் வீடே ஐந்து நிமிஷம் முந்தும். அவள் ‘சரி’ என்பாள். சமையலறையில் போய்ச் சிரித்துக்கொள்வாளோ என்னவோ, வாசலில் ‘சரி’தான். அது தன் அதிகாரம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார். இப்போது அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

“செத்துப்போயிருப்பே” என்றார். “இனிமே நான் தப்பா கொடுத்தா வேண்டாம்னு சொல்லணும். நான் கத்தினாலும் சொல்லணும். மாத்திரைக்கு வாயைத் திறக்கவே கூடாது. புரியுதா?”

“சரி” என்றாள் அவள்.

அந்தச் ‘சரி’தான் அவரைத் தூங்க விடவில்லை. மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே நடந்தார். சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்துப் பார்த்து, மடித்து, மறுபடி வைத்தார். மாத்திரை டப்பாவைத் தினமும் நாலு தடவை எண்ணினார். மூன்றாம் நாள் காலையில் மகள் போன் செய்தாள். இல்லத்தில் இன்று மாலைக்குள் பதில் கேட்கிறார்கள், படுக்கை வேண்டாமென்று சொல்லிவிடட்டுமா என்றாள். “கொஞ்சம் பொறு, மத்தியானம் சொல்றேன்” என்றார். எதற்கு என்று அவள் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

அன்று எட்டரைக்கு மாத்திரையைக் கொடுத்தார். அவள் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு தாளில் நேரம் எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒன்பதரைக்கு அட்டையிலிருந்து இன்னொரு மாத்திரையைப் பிய்த்து எடுத்து, டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். இப்படி ஒரு நாடகம் ஆடுவோம் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

“இந்தா. மாத்திரை போட்டுக்கோ. இன்னைக்குக் குழியில வெக்க மறந்துட்டேன் போல.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. அவளுக்குத் தெரியும். எட்டரை மணி ஞாபகம் இருக்கிறது, மூன்று நாளைக்கு முன்னால் கொடுத்த வாக்கும் ஞாபகம் இருக்கிறது.

“இப்ப போட்ட மாதிரி இருந்துதே” என்றாள் மெதுவாக.

அவர் மனசு துள்ளியது. சொல்லிவிட்டாள். இன்னும் ஒரே ஒரு படி. அந்த ஒரு படியைத் தாண்டிவிட்டால் பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டு, முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியபடி வைத்துக்கொண்டு, பழைய குரலை வரவழைத்தார்.

“எனக்குத் தெரியாதா? கொடுக்கலைன்னா கொடுக்கல.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பாவம் என்று நினைப்பவளின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அது. கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

அவர் மாத்திரையை உள்ளங்கையில் இறுக்கி மூடிக்கொண்டார். டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தார். பிறகு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். அவள் வகுப்பில் இருந்தாள் போலிருக்கிறது, பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

“அந்தப் படுக்கை வேணும்னு சொல்லிடு. சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பி வா.”

“என்னப்பா சொல்றீங்க? இருபத்தேழு வாங்கியிருக்கீங்க. டாக்டரே சொல்லிட்டாரு.”

“மார்க்கெல்லாம் கிடக்கட்டும். நான் மறந்துபோய் விஷத்தைக் கொடுத்தாலும் உங்கம்மா முழுங்குவா. என் மூஞ்சியைப் பார்த்தா அவளால வேண்டாம்னு சொல்ல முடியல. வேற யார் கொடுத்தாலும் சொல்லுவா. நர்சைத் திருப்பி அனுப்பினவ அவ.” அவர் மூச்சு வாங்கினார். “வேற யாராவது கொடுக்கட்டும்.”

நாற்காலியிலிருந்து குரல் வந்தது. “நான் போக மாட்டேன்.”

அவர் திரும்பினார். மனைவி இடது கையால் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

“சோதிச்சீங்களா என்னை? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அனுப்பறீங்களா? நான் போக மாட்டேன். சொல்லிட்டேன். மாட்டேன்.”

நாற்பத்திரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. போனில் மகள், “அப்பா, அம்மா என்ன சொல்றாங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவருக்கு மனைவியின் அந்தக் குரலைக் கேட்டு ஓடிப்போய் அவள் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. சரி, போகாதே, இரு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உள்ளங்கையில் மாத்திரை வியர்வையில் நசநசத்தது.

“இந்த மாட்டேனைத்தானே ஒரு நிமிஷம் முன்னாடி கேட்டேன் உன்கிட்ட” என்றார் அவளிடம். பிறகு போனில், “சனிக்கிழமை. ஆறு மணி வண்டி. அது பத்து மணிக்கு வந்து சேரும், நான் ஸ்டாண்டுல நிக்கறேன்” என்று சொல்லி வைத்தார்.

அவள் அன்று முழுக்க அவரிடம் பேசவில்லை. மத்தியானம் அவர் ஊட்ட வந்தபோது வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். டைம்கீப்பர் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.